கால் முறியாத நண்டு

மரிய றஞ்சிதம் என்று தேடிப்போனால் தாழ்வுபாட்டுக் கரையில் யாருக்கும் ஆளைத் தெரியாது. 'மிச்சம் றஞ்சிதம்' என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கைநீட்டி வீட்டைக் காட்டும். இந்தப் பட்டத்தை முதலில் வைத்தவர் யாரென்று ஊருக்கு மறந்துபோயிற்று. வைத்ததற்காக அவள் அவருக்கு ஒரு வாய் தேத்தண்ணீர் கொடுத்திருப்பாள் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

அவள் வீட்டுத் தேங்காய்க்கு நாலு பால். மற்ற வீடுகளில் முதற்பாலும் இரண்டாம்பாலும் எடுத்துவிட்டுத் துருவலைக் கோழிக்குப் போடுவார்கள். றஞ்சிதம் மூன்றாம்பாலில் சொதி வைப்பாள். அதற்குப் பிறகும் ஒரு பால் வரும். நிறத்தில் வெள்ளை, குணத்தில் தண்ணீர். அதில் கீரை வேகும். அதன் பிறகுதான் துருவல் கோழிக்குப் போகும். கோழி ஒரு தரம் கொத்திப் பார்த்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்க்குமாம். இது பக்கத்து வீட்டுச் சிங்கராசா சொல்வது. அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் மெழுகுதிரிக் கதை உண்மை. நவம்பர் இரண்டாந் திகதி, ஆத்துமாக்கள் திருநாள் அன்று, ஊரே சேமக்காலைக்குப் போய்க் கல்லறை கல்லறையாக மெழுகுதிரி கொளுத்தும். மறுநாள் காலையில் றஞ்சிதம் ஒரு பழைய தகரப் பேணியும் கரண்டியுமாகப் போவாள். உருகி ஒழுகிக் கிடக்கும் மெழுகைச் சுரண்டி எடுப்பாள். எந்தக் கல்லறையில் சுரண்டுகிறாளோ அந்த ஆத்துமாவுக்கு ஒரு அருள்நிறை மரியே சொல்லிவிட்டுத்தான் சுரண்டுவாள். சொந்தக்காரர்களே செபம் சொல்லாத கல்லறைகளுக்கும் அவள் தயவில் வருடத்துக்கு ஒரு செபம் கிடைத்தது. உருக்கித் திரிபோட்டால் கரண்ட் போகிற நாட்களுக்கு வருடம் முழுவதும் காணும்.

நாட்டில் எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை என்று சனம் வரிசையில் நின்று மயங்கி விழுந்த அந்த வருடம் இருக்கிறதே, அப்போது பஞ்சம் வந்திருக்கிறது என்பது றஞ்சிதத்துக்குத் தெரியவே மூன்று கிழமை பிடித்தது. அவள் வீட்டில் எரிவது பனம்மட்டை. பெற்றோல் குடிக்கிற வாகனம் ஒன்றும் இல்லை. பால்மா ரின் ஒன்று இருந்தது. அதற்குள் பால்மா இருந்து பல காலம். ஊர்ப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, "றஞ்சிதமக்கா, நீங்கள் என்னண்டு சமாளிக்கிறியள்?" என்று கேட்டார்கள். "என்னத்தைச் சமாளிக்கிறது?" என்று இவள் திருப்பிக் கேட்டாள். அவளைப் பார்த்துச் சிரித்த ஊர், அந்த ஆறு மாதம் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு எரிவாயு வந்தது, சிரிப்பும் கூடவே வந்தது.

புருசன் அந்தோனிமுத்து நண்டு வலைக்காரன். பின்னேரம் வலை விட்டு, விடியப்புறம் போய் இழுப்பான். முழு நண்டைக் கொம்பனிக்காரன் நல்ல விலைக்கு எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவான். கால் முறிந்ததைத் தள்ளிவிடுவான். தள்ளியதுதான் வீட்டுக் கறி. முப்பது வருடமாக நண்டு பிடிக்கிறவன் வீட்டில், எட்டுக் காலும் இரண்டு கொடுக்குமாக ஒரு நண்டு சட்டிக்குள் இறங்கியதில்லை. ஒருநாள் ஆசை பொறுக்காமல் அந்தோனிமுத்து ஒரு கொழுத்த நண்டின் காலைத் தானே முறித்துக் கறிக்கென்று கொண்டுவந்தான். றஞ்சிதம் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது வலையில முறிஞ்சதில்லை. கையால முறிச்சது."

அந்தோனிமுத்து கடலைப் பார்த்தான். கடல் அவனுக்கு உதவி செய்யவில்லை.

அவளைக் கஞ்சம் என்கிறவர்கள் ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். அவளுடைய கஞ்சத்தனம் முழுவதும் தன் வயிற்றோடு சரி. வந்த வயிற்றிடம் அது செல்லாது. தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குள், பதினெட்டு வயதில், ஒரு வள்ளத்தில் பதினொரு பேரோடு அக்கரைக்குப் போனவள் அவள். இராமேசுவரத்துப் பக்கம் நனைந்த உடுப்போடு ஒரு வாசலில் போய் நின்றபோது, முகம் தெரியாத ஒரு மீன்காரி தன் வீட்டு மத்தியானச் சோற்றுப் பானையை அப்படியே தூக்கி வெளியே வைத்தாள். தன் பிள்ளைகளுக்குப் பிறகு கஞ்சி காய்ச்சினாள். அகதி முகாமில் இருந்த வருடங்களில் றஞ்சிதம் படித்தது இரண்டே இரண்டு. தனக்கென்றால் எதிலும் மிச்சம் பிடிக்கலாம். மத்தியானத்தில் வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பக்கூடாது.

இந்த இரண்டாவது பாடம் ஊருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. நாலாம்பால் கதை பரவிய பிறகு மத்தியானத்தில் அவள் வீட்டுக்குப் போக எவருக்கும் துணிவு வரவில்லை.

இவ்வளவு மிச்சமும் எதற்கு என்றால், ஒரு தண்ணீர்த் தாங்கிக்கு. கிணற்றுத் தண்ணீர் உவர். வாயில் வைக்க முடியாது. குழாயில் ஒன்றைவிட்ட ஒரு நாள், விடியப்புறம் நாலு மணிக்குத் தண்ணீர் வரும். வருமுன் குழாய் நாலைந்து தரம் இருமும். அந்த இருமலைக் கேட்டு எழும்பி, வாளி, குடம், கிடாரம் என்று இருக்கிற அத்தனையையும் நிரப்ப வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் நின்றுவிடும். கூரையில் தாங்கி வைத்திருக்கிறவர்கள் தூங்குவார்கள். தண்ணீர் தானே ஏறிக்கொள்ளும். றஞ்சிதத்துக்கு இரண்டு வருடமாக வலது தோள் மேலே எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பாரம் தூக்கவேண்டாம் என்றார்கள். தண்ணீருக்குப் பாரமில்லையா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு நாள் வரச்சொல்வார்கள், பஸ் காசு போகும்.

ஆகவே பால்மா ரின்னின் மூடியில் வாய் வெட்டி, திருக்குடும்பப் படத்துக்குப் பின்னால் வைத்து, நாலு வருடமாகக் காசு போட்டு வந்தாள். காசு ஏறியது. தாங்கியின் விலையும் ஏறியது, அவளுக்குச் சளைக்காமல். முதல் வருடத்தில் பாதித் தாங்கிக்குக் காசு இருந்தது. நாலாம் வருடத்தில் நாலு மடங்கு காசு இருந்தது. அதுவும் பாதித் தாங்கிக்குத்தான் காணும்.

இந்த நிலையில்தான் 'கரையோர வாழ்வு மேம்பாட்டு நிலையம்' என்றொரு நிறுவனம், மன்னார்ப் பெண்களுக்குச் சேமிக்கத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தது.

கண்டுபிடித்த கையோடு, நகரத்து விருந்தினர் விடுதி ஒன்றின் குளிரூட்டிய மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். 'சிறுதுளி' என்பது திட்டத்தின் பெயர். முப்பது பெண்களுக்கு ஆளுக்கொரு பை, பேனை, கோப்பு, தண்ணீர்ப் போத்தல். மத்தியானம் ஐந்து கறியும் பொரியலும் புடிங்கும். சிக்கனத்தைப் பற்றி இவ்வளவு செலவழித்து யாரும் அந்த மண்டபத்தில் பேசியதில்லை. றஞ்சிதம் முதல் அரை மணித்தியாலம் சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொண்டு நடுங்கினாள். பிறகு கையை உயர்த்தினாள், இடது கையை.

"ஐயா, இந்தக் குளிர் மெசினை நிப்பாட்டினால் என்ன? கரண்டுக் காசும் மிச்சம், எங்களுக்கும் சுகம்."

பயிற்சி கொடுத்தவர், கேள்விகள் கடைசியில் என்றார்.

இந்த மாதம் செய்த தேவையற்ற செலவுகளை எழுதும்படி ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். மற்றப் பெண்கள் மளமளவென்று எழுதினார்கள். சிலர் இரண்டாவது தாள் கேட்டார்கள். றஞ்சிதம் நெடுநேரம் யோசித்து ஒரே ஒரு வரி எழுதினாள்: 'காய்ச்சலுக்கு ஒரு குளிசை. பாதி போதுமாயிருந்தது.'

அந்தத் தாளைத் திட்ட அலுவலர் கோகுலன் படமெடுத்தான். நல்ல பிள்ளை. இருபத்தேழு வயது, கழுத்தில் அட்டை, கையில் எப்போதும் ஒரு கோப்பு. அன்று பின்னேரமே அவன் வந்து சொன்னான்.

"அக்கா, 'முன்மாதிரிச் சிக்கனக் குடும்பம்' எண்டு ஒரு போட்டி வைக்கிறம். உங்கட பேரையும் போட்டிருக்கிறன். வீடு வந்து பாத்துப் புள்ளி போடுவினம்."

"எனக்கேன் தம்பி போட்டி? பரிசு என்ன, சான்றிதழோ?"

"இல்லை அக்கா. ஆயிரம் லீற்றர் தண்ணித் தாங்கி. ஸ்டாண்டோட, மோட்டரோட."

றஞ்சிதத்தின் வலது தோள் ஒரு தரம் தானாக எழும்ப முயன்றது.

தேர்ந்தெடுத்தது இரண்டு வீடு. ஒன்று அவளுடையது. மற்றது கோயில் றோட்டு அன்ரோனெற்றினுடையது. அன்ரோனெற்றுக்கு மகன்கள் இருவரும் பிரான்சில். மாபிள் போட்ட வீடு. கூரையில் ஏற்கெனவே இரண்டு தாங்கி, ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. அவள் எப்படிச் சிக்கனக் குடும்பம் ஆனாள் என்று கேட்டால், மாதர் சங்கத் தலைவி அவள், பட்டியல் எழுதியவள் அவள். வேறு விளக்கம் தேவையில்லை.

போட்டிக்கு முதல் நாள் காலையில் கோகுலன் போன் அடித்தான். றஞ்சிதத்தின் போன் வழக்கமாக மிஸ்ட் கோலுக்கு மட்டும் பயன்படுவது. கரையிலிருந்து அந்தோனிமுத்து ஒரு தரம் அடித்தால் நண்டு இருக்கிறது, இரண்டு தரம் அடித்தால் இல்லை. இது நாலு தரம் அடித்தும் நிற்காததால் எடுத்தாள்.

"அக்கா, நாளைக்குப் பணிப்பாளர் வாறார். கொழும்பில இருந்து ஒரு மேடமும் வாறா. எல்லாருமா ஆறு பேர். பன்ரெண்டு மணியளவில முதல் உங்கட வீட்டை வருவினம். ஒண்டும் செய்ய வேண்டாம் அக்கா. சும்மா பாத்திட்டுப் போவினம்."

"மத்தியானமோ வருவினம்?"

"ஓம் அக்கா. ஒண்டும் செய்ய வேண்டாம்." போனை வைக்கப்போனவன் மறுபடி தொடங்கினான். "பணிப்பாளருக்கு நண்டெண்டால் உயிர். அது சும்மா கதைக்குச் சொன்னனான்."

றஞ்சிதம் போனை வைத்துவிட்டுத் திருக்குடும்பப் படத்தைப் பார்த்தாள். சூசையப்பர் வழக்கம்போல் ஒன்றும் சொல்லவில்லை; அவர் குணம் அது.

அந்தோனிமுத்து கரையிலிருந்து வந்ததும் விசயத்தைச் சொன்னாள். அவன் நிதானமாகக் கேட்டான்.

"சிக்கனத்தைப் பாக்க வாற ஆக்களுக்கு ஏன் விருந்து? வெறுந் தேத்தண்ணி குடுத்தால் போதாதோ?"

"மத்தியானம் வருகினம்."

"வரட்டுக்கும். அவையள் சாப்பிட்டிட்டு வந்திருப்பினம்."

"சாப்பிட்டிட்டு வந்தனீங்களோ எண்டு வாசல்ல நிண்டு கேக்கிறதோ? என்ர வீட்டை மத்தியானம் வந்த சனம் வெறும் வயித்தோட போகாது. அதில மிச்சம் பிடிச்சு வாற தாங்கி எனக்கு வேண்டாம்."

அந்தோனிமுத்து முப்பது வருடத்தில் அவள் வாயால் 'வேண்டாம்' என்ற சொல்லை ஒரு பொருளைக் குறித்துக் கேட்டதில்லை. ஆகவே எழும்பிப் படத்துக்குப் பின்னால் கையை விட்டான்.

ரின் கீழே இறங்கியது. கத்தியால் மூடியை நெம்பி எடுத்தாள். முதலில் ஒரு தாள் மட்டும் எடுப்பது என்றுதான் நினைத்தாள். ஆனால் கல்யாணம் செய்துபார், வீட்டைக் கட்டிப்பார் என்று சொன்னவர்கள் அதிகாரிகளுக்குச் சோறு போட்டுப் பார்த்தவர்கள் அல்ல. ஆறு பேருக்குக் கதிரை வேண்டும், வாடகைக்கு எடுத்தாள். வீட்டில் இருந்த சோற்றுக் கோப்பைகளின் விளிம்பு ஊர்க்கரையைப்போல் அரித்துக் கிடந்தது; ஆறு புதுக் கோப்பை வாங்கினாள். சம்பா அரிசி, நெய், இறால், ஐஸ், சோடா. குழாய்த் தண்ணீரை அதிகாரிகள் குடிக்கமாட்டார்கள் என்று சிங்கராசா சொன்னார். தண்ணீர்ப் போத்தல் ஒரு பெட்டி. தண்ணீர்த் தாங்கிக்குச் சேர்த்த காசில் போத்தல் தண்ணீர் வாங்கியபோது மட்டும் அவள் காசை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தாள். பரவாயில்லை, தாங்கியே வரப்போகிறது என்று தன்னைத் தேற்றினாள்.

போட்டி நாள் விடியப்புறம் அந்தோனிமுத்து கொண்டுவந்த நண்டில் பன்னிரண்டைப் பொறுக்கி எடுத்தாள். ஒவ்வொன்றாகக் காலை எண்ணினாள். எட்டுக் காலும் இரண்டு கொடுக்கும். கொம்பனி ஆள் வாசலில் நின்று, "அக்கா, அது முதல்தரம், இஞ்சை தாங்கோ" என்றான். தரவில்லை. கொம்பனிக்கு மறுத்த அந்தப் பன்னிரண்டு நண்டும், முதற்பாலில், ஆம், சுத்தமான முதற்பாலில், மிளகும் முருங்கையிலையும் போட்டுக் கொதித்தன. வாசம் கடற்கரை வரைக்கும் போயிற்று. கோழிகூடப் படலைக்கு வந்து எட்டிப் பார்த்தது.

பன்னிரண்டு மணிக்கு என்றவர்கள் இரண்டரைக்கு வந்தார்கள். ஒரு பெரிய வெள்ளை வாகனம். பணிப்பாளர் இறங்கி, மூக்கை ஒரு தரம் உயர்த்தி, "அடடா, என்னத்துக்கம்மா வீண் சிரமம்" என்று சொல்லிக்கொண்டே கதிரையில் இருந்தார். இருந்த விதம் எழும்புகிற விதமாக இல்லை.

முதலில் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், பத்து நிமிடம். மெழுகுப் பேணியைப் பார்த்தார்கள். பழைய நண்டு வலையால் கட்டிய பயற்றங்காய்ப் பந்தலைப் பார்த்தார்கள். ஒருமுறை வடித்துக் காயவைத்த தேயிலைத் தூளைப் பார்த்தார்கள். மேடம் எல்லாவற்றையும் படமெடுத்தார். கோகுலன் எழுதினான். பிறகு சாப்பிட்டார்கள், ஒரு மணித்தியாலம்.

பணிப்பாளர் நண்டு சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். கையில் எடுத்தால் ஓடு மட்டும்தான் மிஞ்சும். அவர் மூன்று நண்டோடு நிறுத்தியது, மேடம் தன்னைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டதால். மேடமோ, தனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிச் சொல்லியே இரண்டு சாப்பிட்டார். சாப்பிட்ட கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் போத்தல் தண்ணீரில் கை கழுவினார்கள். றஞ்சிதம் அந்தத் தண்ணீர் மண்ணில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாகனச் சாரதி ரொபின்சன் வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். பாப்பாமோட்டைப் பெடியன், தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து குடியேறியவர். அவனை யாரும் கூப்பிடவில்லை. றஞ்சிதம் போய்க் கூப்பிட்டாள்.

"வேணாம்மா, நான் டவுனில சாப்பிட்டுக்கிறேன்."

"மத்தியானம் என்ர வாசல்ல நிண்டிட்டுப் பசியோட போகேலாது, தம்பி. வாங்கோ."

அவன் குசினிக்குள், அடுப்படிப் பலகையில் இருந்து சாப்பிட்டான். அவனுக்கு ஒரு நண்டுதான் மிஞ்சியிருந்தது. சாப்பிட்டு முடிந்ததும் கோப்பையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், உவர்த் தண்ணீரில் கழுவி, கவிழ்த்து வைத்தான். பிறகு, அங்கே கிடந்த மற்ற ஐந்தாறு கோப்பைகளையும் பார்த்துவிட்டு, அவற்றையும் கழுவப் போனான். அதற்குள் வாகனத்துக்குள்ளிருந்து யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

வயிறு முட்டிய ஆறு பேரும் அங்கிருந்து நேரே அன்ரோனெற் வீட்டுக்குப் போனார்கள். அவள் குளிர்சாதனப் பெட்டியைச் சேலையால் மூடி, மேலே மாதா சொரூபத்தை வைத்திருந்தாள். குடிக்க என்ன என்று கேட்டாள். ஒன்றும் இறங்காது என்றார்கள். வெறுந் தேத்தண்ணீர் கொடுத்தாள், சீனி இல்லாமல். அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. வீட்டில் சீனி வாங்குவதில்லை.

ஒரு மாதம் கழித்து மாதர் சங்க மண்டபத்தில் பரிசளிப்பு விழா. மேடையின் பக்கத்தில் தாங்கி நின்றது, கறுப்பு, புதுசு, நீல நாடா கட்டி. றஞ்சிதம் முன் வரிசையில் இருந்து அதையே பார்த்தாள். தண்ணீர் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று கண்ணாலேயே குழாய் பொருத்தினாள். அந்தோனிமுத்து கல்யாணத்துக்குக் கட்டிய வேட்டியில் வந்திருந்தான்.

ஒலிவாங்கியில் அறிவித்தார்கள். முதற்பரிசு, திருமதி அன்ரோனெற். 'வீடு தேடிவந்த குழுவினருக்குச் சீனியற்ற வெறுந் தேநீர் மட்டும் வழங்கி, வீண் செலவைத் தவிர்த்த முன்மாதிரி.' ஊர் கைதட்டியது. தட்டாமலிருக்க முடியாது, மாதர் சங்கத் தலைவி.

றஞ்சிதத்துக்குக் கைதட்டக் கை வரவில்லை. காசு போனதைவிட அந்த 'முன்மாதிரி' என்ற சொல்தான் அவளுக்கு வலித்தது. கோகுலன் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் வந்து குந்தினான்.

"அக்கா, மற்ற எல்லாத்திலயும் உங்களுக்குத்தான் கூட. சாப்பாட்டிலதான் விழுந்திட்டுது. 'தேவையற்ற உபசரிப்புச் செலவு' எண்டொரு கட்டம் இருக்கு. அதில பதினைஞ்சு புள்ளி போயிட்டுது."

"அந்தக் கட்டத்தை ஆர் நிரப்பினது?"

"பணிப்பாளர்தான்."

"கை கழுவ முதலோ, கழுவின பிறகோ?"

கோகுலன் கோப்பின் தாள்களைப் புரட்டினான். அதற்குள் ஒலிவாங்கி அவள் பெயரைக் கூப்பிட்டது. ஆறுதல் பரிசு. மேடையில் பணிப்பாளர் வாய்நிறையச் சிரிப்போடு ஒரு பொருளை நீட்டினார். பிளாஸ்ரிக் உண்டியல். மஞ்சள் நிறம். ஒரு பக்கம் நிறுவனத்தின் சின்னம், மறுபக்கம் 'இன்றே சேமிப்போம்'. படமெடுப்பவர் இன்னும் கொஞ்சம் கிட்ட நிற்கச் சொன்னார்.

றஞ்சிதம் உண்டியலை வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். வெறுமை. வீட்டில் திருக்குடும்பத்துக்குப் பின்னால் இருக்கும் ரின்னும் இப்போது இதே சத்தம்தான் போடும். அவள் இறங்கவில்லை. இரண்டு கையாலும், கோயிலில் காணிக்கைத் தட்டுப் பிடிக்கிறமாதிரி, உண்டியலைப் பணிப்பாளருக்கு நேரே நீட்டினாள்.

"ஐயா, முதல் காசு கைராசியான ஆள் போட்டால்தான் உண்டியல் நிறையும். நீங்கள் போடுங்கோ."

ஒலிவாங்கி கிட்டத்தில் இருந்தது. மண்டபம் முழுவதும் கேட்டது. பணிப்பாளர் சிரித்தார். சட்டைப்பையில் தடவினார். ஒரு இருபது ரூபாத் தாள் வந்தது. படமெடுப்பவர் கமெராவை உயர்த்தியதைப் பார்த்ததும் அது திரும்ப உள்ளே போய், ஆயிரம் ரூபாவாக வெளியே வந்தது. றஞ்சிதம் மேடத்திடம் நகர்ந்தாள்.

"நீங்களும் போடுங்கோ அம்மா. நண்டு ஒத்துக்கொண்டதோ?"

மேடத்துக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் நண்டு என்ற சொல் நன்றாகவே விளங்கியது, அவரும் போட்டார். மூன்றாமவர், நாலாமவர், ஐந்தாமவர். ஆறாவது கோகுலன், அவன் தன் பங்கை மடித்துக் கையில் தயாராக வைத்திருந்தான், முகத்தை நிமிர்த்தாமல் போட்டான். அவள் ஒருவரையும் திட்டவில்லை. தட்டு நகர்ந்தது, அவ்வளவுதான். ஊர் கழுத்தை நீட்டி ஒவ்வொரு தாளாக எண்ணியது. சிங்கராசாகூட இந்த முறை கூட்டாமல் குறைக்காமல் எண்ணினார்.

படியிறங்கும்போது வாசற்பக்கமிருந்து ரொபின்சன் வந்தான். கையில் ஒரு ஐந்நூறு ரூபா, நாலாய் மடித்தது. உண்டியலின் வாயை நோக்கி நீட்டினான். றஞ்சிதம் அந்த வாயைக் கையால் பொத்தினாள்.

"நீங்கள் போட வேண்டாம் தம்பி. நீங்கள் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைச்சனீங்கள்."

ஒலிவாங்கியை யாரும் நிறுத்தியிருக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அந்தோனிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"ரின்னில இருந்தது அவ்வளவும் திரும்பி வந்திட்டுதோ?"

"கால்வாசிதான்."

"அப்ப தாங்கி?"

"இன்னும் நாலு வருசம்."

அவன் நாலு வருடத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டு நடந்தான். பிறகு, அடுத்தமுறை அதிகாரிமார் மத்தியானம் வருகிறோம் என்றால் என்ன செய்வாய் என்று கேட்டான். றஞ்சிதம் நின்று, உண்டியலை இடது கைக்கு மாற்றி, யோசித்தாள்.

"சோறு போடத்தான் வேணும். கோப்பையை மட்டும் அவையளைக் கழுவச் சொல்லுவன்."

மறுநாள் விடியப்புறம் நாலு மணிக்குக் குழாய் இருமியது. அந்தோனிமுத்து கடலுக்குப் போயிருந்தான். றஞ்சிதம் எழும்பி, இடது கையால் வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். கோயில் றோட்டுப் பக்கம், அன்ரோனெற் வீட்டுக் கூரையில், மூன்றாவது தாங்கிக்குத் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது.